சரிபார்ப்பவரின் நடுநிலை

(ஊடகவியல் மாணவர்களும் பொது வாசகர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ஒரு கேள்வி. பரவும் செய்தி உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே நிறுவனங்கள் வந்துவிட்டன. ‘ஃபேக்ட் செக்’ என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த நிறுவனங்கள் அரசியலில் நடுநிலையாக இருக்கும் என்று நம்பலாமா என்பதுதான் கேள்வி. இதற்குப் பலர் கைவசம் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். தங்கள் கட்சியின் பொய் அம்பலமானால் அந்த நிறுவனம் விலைபோய்விட்டது என்பார்கள். எதிர்க்கட்சியின் பொய் அம்பலமானால் அதே நிறுவனத்தின் கட்டுரையை வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரிபார்ப்பவரின் மனத்தில் சார்பு இருக்கிறதா என்று துருவுவதால் பயன் இல்லை. அரசியலைக் கூர்ந்து கவனிக்கிற எவருக்கும் ஒரு பக்கச் சாய்வு கொஞ்சமாவது இருக்கும். நாம் கேட்க வேண்டியவை வேறு மூன்று. அவர் செய்த வேலையை நாமும் முதலிலிருந்து செய்து பார்க்க முடிகிறதா? தவறு என்றால் அவரைத் திருத்தவைக்க முடிகிறதா? அவர் குத்தும் முத்திரையோடு தண்டிக்கும் அதிகாரமும் சேர்ந்து வருகிறதா? நம்பிக்கையை இந்த மூன்றின் மேல்தான் வைக்க வேண்டும்.

குற்றச்சாட்டு

2025 ஜனவரி 7 அன்று மெட்டா நிறுவனத்தின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் ஒரு காணொளி வெளியிட்டார். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் பதிவுகளைச் சரிபார்க்க அமெரிக்காவில் வெளி நிறுவனங்களோடு செய்திருந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தார். சரிபார்ப்பாளர்கள் அரசியல் சார்போடு நடந்துகொண்டார்கள், அவர்கள் வளர்த்த நம்பிக்கையைவிடக் கெடுத்த நம்பிக்கைதான் அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். 2016 டிசம்பரில், டொனால்ட் டிரம்ப் முதல்முறை வென்ற கையோடு, இதே நிறுவனம்தான் அந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. டிரம்ப் மறுபடியும் பதவியேற்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் அதை முடித்துவைத்தது.

குற்றச்சாட்டு அன்றைக்குப் புதிதாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2019-இல் மக்களிடம் இதையே கேட்டது. சரிபார்ப்பாளர்கள் ஒரு பக்கம் சாய்கிறார்கள் என்று குடியரசுக் கட்சியினரில் 70 சதவீதம் பேர் சொன்னார்கள். ஜனநாயகக் கட்சியினரில் அப்படிச் சொன்னவர்கள் 29 சதவீதம். ஒரே தொழிலை ஒரே நாட்டு மக்கள் இவ்வளவு வேறாகப் பார்க்கிறார்கள். இதை எடுத்தெறிந்து பேசக் கூடாது. ஒரு தொழிலின் மேல் நாட்டில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லையென்றால், அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம்

2023 மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வட மாநிலங்களில் காணொளிகள் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த மாநில அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்பியது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலை நம்பிப் பிழைக்க வந்தவர்கள், இங்கே இருப்பதா ஊருக்குப் போவதா என்று தெரியாமல் தவித்தார்கள்.

அப்போது சரிபார்ப்பாளர்கள் செய்த வேலை என்ன? காணொளியை அங்கங்கே நிறுத்தி, தெளிவான காட்சிகளைத் தனிப் படங்களாக எடுப்பார்கள். அந்தப் படங்களை கூகுளில் போட்டுத் தேடி, இதே காட்சி இதற்கு முன் எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்பார்கள். கடைப் பலகையில் என்ன மொழி இருக்கிறது, வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலத்தது, பின்னணியில் கேட்கும் பேச்சு எது என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பார்கள். ஊர் தெரிந்ததும் அந்த ஊர் நாளிதழ்களைப் புரட்டுவார்கள். காவல் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். அப்படிப் பார்த்ததில், பீகார்காரரைத் தமிழ்நாட்டில் கொன்றதாகப் பரவிய காட்சிகளில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை என்று தெரியவந்தது. வேறு இரண்டு காட்சிகளைப் பற்றித் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவரே விளக்கினார். திருப்பூரில் நடந்தது பீகார் தொழிலாளர்களின் இரு கோஷ்டிகளுக்குள் எழுந்த சண்டை. கோவையில் நடந்தது உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு.

இந்த வேலையைச் செய்தவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது இங்கே பொருட்டே இல்லை. காட்சி ஜோத்பூரில் எடுத்ததென்றால், அவர் பா.ஜ.க.காரராக இருந்தாலும் தி.மு.க.காரராக இருந்தாலும் ஜோத்பூர்தான். அவர் பேச்சை நம்ப வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. உங்கள் கைபேசியிலேயே அரை மணி நேரத்தில் நீங்களும் பார்த்துவிடலாம். சரிபார்ப்புத் தொழிலின் அன்றாட உழைப்பில் பெரும் பங்கு இந்த மாதிரிதான். பழைய படம், வேறு ஊர்க் காணொளி, வெட்டி ஒட்டிய பேச்சு, போலி அரசாணை, பத்திரிகையின் பெயரில் தயாரித்த போலி நியூஸ் கார்டு. இவற்றில் நடுநிலையைப் பற்றிய சண்டைக்கு இடம் மிகக் குறைவு.

சார்பு நுழையும் வாசல்கள்

சண்டை தொடங்குவது வேறு இடத்தில். அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய பொலிட்டிஃபேக்ட், இந்தத் துறையில் மிகப் புகழ்பெற்ற அமைப்பு. 2009-இல் புலிட்சர் பரிசும் பெற்றது. அரசியல்வாதிகள் சொல்வதை எடுத்து ‘உண்மை’ முதல் ‘அப்பட்டமான புளுகு’ வரை ஆறு படிகளில் அது தரம் பிரிக்கும்.

2008 தேர்தலில் பராக் ஒபாமா தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஒரு வாக்குறுதி கொடுத்தார். இப்போது உங்களிடம் இருக்கும் காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பொலிட்டிஃபேக்ட் அதற்கு ‘உண்மை’ என்று முத்திரை குத்தியது. 2009-இலும் 2012-இலும் அதே பேச்சு ‘பாதி உண்மை’ ஆனது. 2013-இல் சட்டம் நடைமுறைக்கு வரும் தறுவாயில் சுமார் 40 லட்சம் பேருக்குக் காப்பீடு ரத்தாகிறது என்று கடிதம் வந்தது. அந்த டிசம்பரில் பொலிட்டிஃபேக்ட் அதையே ‘ஆண்டின் பெரும்பொய்’ என்று அறிவித்தது.

ஒரே வாக்குறுதிக்கு ஐந்து ஆண்டுகளில் மூன்று முத்திரைகள். ஒபாமாவைக் காப்பாற்றத்தான் முதலில் ‘உண்மை’ என்றார்கள் என்று குடியரசுக் கட்சியினர் கொதித்தார்கள். தவறு அதைவிட அடிப்படையானது என்று நான் கருதுகிறேன். 2008-இல் சரிபார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இன்னும் இயற்றாத சட்டம் நாளைக்கு என்ன செய்யும் என்பது கணிப்பு. கணிப்பை எடைபோடலாம், விவாதிக்கலாம், அதன் மேல் உண்மை என்றோ பொய் என்றோ முத்திரை குத்த முடியாது. சரிபார்ப்பவர் தன் எல்லையைத் தாண்டிய இடத்தில்தான் சார்பு உள்ளே வந்தது, அல்லது வந்ததாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றியது.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவத் திட்டத்தையே ஒழிக்கக் குடியரசுக் கட்சி வாக்களித்துவிட்டது என்று ஜனநாயகக் கட்சியினர் சொல்லிவந்ததை, 2011-இன் ‘ஆண்டின் பெரும்பொய்’ என்று அதே நிறுவனம் அறிவித்தது. இம்முறை இடதுசாரிகள் கொதித்தார்கள். பொருளாதார நோபல் பெற்ற பால் க்ரூக்மன், அந்த நிறுவனத்தின் கதை முடிந்துவிட்டது என்றே எழுதினார். இரு தரப்பும் திட்டுகிறது, ஆகவே நாங்கள் நடுநிலை என்று சில நிறுவனங்கள் சமாதானம் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. இரு தரப்பும் திட்டும்படி இரு பக்கமும் தவறு செய்ய முடியும்.

க்ளோயி லிம் என்ற ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பொலிட்டிஃபேக்ட்டையும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் சரிபார்ப்புப் பகுதியையும் அவர் ஒப்பிட்டார். இருவரும் பொதுவாக எடுத்துக்கொண்ட பேச்சுகள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். அப்படிப் பொதுவாக வந்தவற்றில், முழுப் பொய், முழு உண்மை என்ற இரு முனைகளில் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். நடுவில் இருக்கும் ‘பாதி உண்மை’, ‘பெரும்பாலும் பொய்’ போன்ற படிகளில் ஒத்துப்போவது குறைந்தது. ஆகவே ஐயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, எதைச் சரிபார்க்க எடுக்கிறார்கள் என்ற தேர்வு. இன்னொன்று, நடுப்படிகளில் குத்தும் முத்திரை.

தேர்வைப் பற்றிய குற்றச்சாட்டு நம் நாட்டிலும் உண்டு. 2017-இல் அகமதாபாத்தில் தொடங்கிய ஆல்ட் நியூஸ் என்ற சரிபார்ப்பு நிறுவனம், ஆளுங்கட்சி ஆதரவாளர்களின் பொய்களையே அதிகம் எடுக்கிறது என்பார்கள். இது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஒரு தரப்பு அதிகமாகப் பொய் பரப்பினால், நேர்மையாகப் பார்ப்பவரின் கணக்கிலும் அந்தத் தரப்புதான் அதிகம் வரும். 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இதை அமெரிக்காவில் சோதித்தது. 2020 தேர்தல் சமயத்தில் ட்விட்டரில் இருந்த 9,000 அரசியல் ஆர்வலர்களை எடுத்துக்கொண்டார்கள். டிரம்ப் ஆதரவு ஹேஷ்டேக் போட்டவர்களின் கணக்குகள் பைடன் ஆதரவாளர்களுடையதைவிட 4.4 மடங்கு அதிகமாக முடக்கப்பட்டிருந்தன. பாரபட்சம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவர்கள் பகிர்ந்த செய்தித் தளங்களின் தரத்தைச் சாதாரண மக்களைக் கொண்டே மதிப்பிட்டபோது, தரமற்ற தளங்களை அந்தத் தரப்புதான் மிக அதிகமாகப் பகிர்ந்திருந்தது. குடியரசுக் கட்சிக்காரர்களை மட்டுமே வைத்து மதிப்பிட்டபோதும் முடிவு மாறவில்லை.

திருத்திக்கொள்ளும் துணிவு

கொரோனா கிருமி ஊஹான் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கலாம் என்ற பேச்சை 2020-இல் பல ஊடகங்கள் சதிக்கோட்பாடு என்று ஒதுக்கின. அது மனிதர் உருவாக்கிய கிருமி என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லப்பட்டதை, பொலிட்டிஃபேக்ட் தன் கடைசிப் படியில் வைத்து அப்பட்டமான புளுகு என்றது. 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக், மனிதர் உருவாக்கியது என்ற கருத்துள்ள பதிவுகளை நீக்கத் தொடங்கியது. மே மாதத்தில் நிலைமை மாறியது. கிருமி ஆய்வகத்திலிருந்து வந்திருக்கும் சாத்தியத்தையும் முறையாக ஆராய வேண்டும் என்று விஞ்ஞானிகளே பகிரங்கமாகக் கேட்டார்கள். பொலிட்டிஃபேக்ட் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஃபேஸ்புக் தடையை விலக்கியது.

கிருமி எங்கிருந்து வந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது ‘இதற்கு ஆதாரம் இல்லை’ என்பது. சொன்னதோ ‘இது பொய்’ என்பது. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தில் பல லட்சம் பேரின் நம்பிக்கை விழுந்து போனது. இதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனாலும் ஒன்றை நான் பாராட்டுவேன். பொலிட்டிஃபேக்ட் தன் பழைய கட்டுரையை அழிக்கவில்லை. ஏன் திரும்பப் பெறுகிறோம் என்ற குறிப்போடு, யாரும் படிக்கும்படி வைத்தது. ஃபேஸ்புக் நீக்கிய பதிவுகளை யாரும் அப்படிப் போய்ப் பார்க்க முடியாது.

இந்தத் தொழிலுக்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு உண்டு. அமெரிக்காவின் பாய்ன்டர் நிறுவனத்தில் 2015-இல் தொடங்கியது. 2016-இல் அது ஐந்து நெறிகளை வகுத்தது. எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் அளப்பது, ஆதாரத்தைக் காட்டுவது, பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வது, சரிபார்த்த முறையை விளக்குவது, தவறை வெளிப்படையாகத் திருத்துவது. இந்த ஐந்தில் நான்கு வெளிப்படைத்தன்மையைப் பற்றியவை. நடுநிலை என்பதை நெஞ்சைத் தொட்டுச் சொல்லும் சத்தியமாக விடாமல், வெளியார் சோதிக்கக்கூடிய நடைமுறையாக மாற்றப் பார்த்திருக்கிறார்கள். வழி சரியானது.

பணமும் அதிகாரமும்

இனி மூன்றாவது கேள்வி: முத்திரையோடு தண்டிக்கும் அதிகாரமும் சேர்ந்து வருகிறதா? உலகின் பல சரிபார்ப்பு நிறுவனங்களுக்கு வருமானத்தில் பெரும் பகுதி மெட்டாவிடமிருந்து வந்தது. இந்தியாவில் 2018-இல், கர்நாடகத் தேர்தலை ஒட்டி, பூம் என்ற சரிபார்ப்பு நிறுவனத்தோடு இந்த ஏற்பாடு தொடங்கியது. ஒரு பதிவு பொய் என்று இவர்கள் சொன்னால், அதன் பரவலைக் குறைப்பது மெட்டாவின் வேலை. ஆனால் அரசியல்வாதிகள் பேசுவதைச் சரிபார்ப்புக்கு அனுப்ப மாட்டோம் என்று மெட்டா 2019-இலேயே வெளிப்படையாக அறிவித்தது. பொய்யால் அதிகம் ஆதாயம் பெறக்கூடியவர்களுக்கு விதிவிலக்கு, சாதாரண மனிதருக்கு முத்திரை. இந்த விதியை வகுத்ததும் மெட்டா, பிறகு சார்பு என்று பழி போட்டதும் மெட்டா. சரிபார்ப்பாளர்களும் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டு பணம் வாங்கினார்கள் என்பதை மறைக்க வேண்டாம்.

நிறுவனத்தைவிடப் பெரிய அதிகாரம் அரசு. 2023 ஏப்ரல் 6 அன்று ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. ஒன்றிய அரசின் செயல்பாடுகள் தொடர்பான ஒரு செய்தி போலி, பொய், தவறான வழிகாட்டல் என்று அரசே நியமிக்கும் சரிபார்ப்புப் பிரிவு சொல்லும். அதன் பிறகும் அந்தப் பதிவை வைத்திருக்கும் தளம் தன் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் முதலானோர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மார்ச் 20 அன்று பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் சரிபார்ப்புப் பிரிவை அரசு இதற்கென அறிவித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. செப்டம்பர் 20 அன்று மூன்றாவது நீதிபதியான ஏ.எஸ். சந்துர்கர், இந்த விதி அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று சொன்னார். விதி ரத்தானது.

அது ரத்தானது நல்லது. அரசைப் பற்றிய செய்தி உண்மையா என்று அரசே தீர்ப்புச் சொன்னால், வழக்காடுபவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்கிறார். அதே பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் சரிபார்ப்புப் பிரிவு, 2020 இறுதியில் உளவுத்துறையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பு ஒன்றைப் போலி என்று அறிவித்தது. அறிவிப்பு உண்மையானது என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அந்த முத்திரைக்குச் சட்டத்தின் பலம் இருந்திருந்தால், வேலை தேடும் இளைஞர்களுக்குப் பயன்பட்ட ஓர் உண்மைச் செய்தி இணையத்திலிருந்தே போயிருக்கும்.

இதே அளவுகோல் நமக்கும் பொருந்த வேண்டும். தமிழ்நாடு அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அ.தி.மு.க. தரப்பு அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. அரசு தன்னைப் பற்றிய தவறான செய்திக்கு மறுப்பு வெளியிடலாம், ஆவணத்தைக் காட்டி விளக்கலாம். அது எந்த அரசுக்கும் உள்ள உரிமை, கடமையும்கூட. ஆனால் அதற்கு மறுப்பு என்றுதான் பெயர். அதைச் சுதந்திரமான சரிபார்ப்பு என்று டெல்லி சொன்னாலும் சென்னை சொன்னாலும் நாம் ஏற்கக் கூடாது.

அதிகாரம் இன்னொரு வழியிலும் வரும். ஆல்ட் நியூஸ் நிறுவனர்களில் ஒருவரான முகமது ஜுபைர், நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒரு ட்வீட்டுக்காக 2022 ஜூன் 27 அன்று கைதானார். அடுத்தடுத்து வழக்குகள் வந்தன. ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அவருடைய சரிபார்ப்புகளில் தவறு இருந்தால் ஆதாரத்தோடு மறுத்து எழுதலாம். போலீஸ் வேனை அனுப்புவது மறுப்பு ஆகாது.

நடுவரும் மேல்முறையீடும்

கிரிக்கெட்டில் ஒரு காலத்தில் போட்டி நடக்கும் நாட்டின் நடுவர்களே டெஸ்ட் ஆட்டங்களுக்கும் நிற்பார்கள். புகார்கள் வலுத்தன. 1994-இலிருந்து ஒரு நடுவரும் 2002-இலிருந்து இருவருமே வெளிநாட்டவர் என்று விதி வந்தது. 2020-இல் கொரோனாவால் வெளிநாட்டு நடுவர்கள் வர முடியாமல் போக, பழையபடி உள்நாட்டு நடுவர்கள் நின்றார்கள். அப்போது கிரிக்கெட் கவுன்சில் என்ன செய்தது? ஒவ்வோர் அணிக்கும் ஓர் இன்னிங்ஸுக்கு ஒரு ரிவ்யூ கூடுதலாகக் கொடுத்தது. நடுவரின் சார்பின்மைக்கு உத்தரவாதம் குறையும்போது மேல்முறையீட்டு உரிமையைக் கூட்டியது. செய்திச் சரிபார்ப்புக்கும் இதைவிடச் சிறந்த நெறி எனக்குத் தெரியவில்லை.

சரிபார்ப்பாளர்களே வேண்டாம், மக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையும் இருக்கிறது. எக்ஸ் தளத்தின் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ அப்படி வந்தது. மெட்டாவும் அதன் பின்னால் போகிறது. வழக்கமாக முரண்படுகிறவர்களே ஒத்துக்கொண்டால்தான் குறிப்பு எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் நெறி. நல்ல யோசனைதான். ஆனால் நாடு இரண்டாகப் பிரிந்து நிற்கும் விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொள்வதே அரிது. சரியான குறிப்பும் பல சமயம் வெளியே வராமலே போகும். அதோடு, அந்தக் குறிப்புகளை எழுதுபவர்கள் ஆதாரமாகக் காட்டுபவற்றில் சரிபார்ப்பு நிறுவனங்களின் கட்டுரைகளும் இருக்கின்றன. யாராவது ஒருவர் அந்தக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டிருந்தால்தான் மற்றவர் அதை மேற்கோள் காட்ட முடியும். அந்த உழைப்புக்குப் பதிலாக வாக்கெடுப்பை வைக்க முடியாது.

உங்களிடம் கேட்பது

நண்பர்களே, தலைப்பில் இருந்த கேள்விக்கு என் விடை இது. எந்தச் சரிபார்ப்பு நிறுவனத்தையும் அதன் பெயருக்காக நடுநிலை என்று நம்ப வேண்டாம். சரிபார்ப்பு என்ற தொழிலையே சார்பு என்று தள்ளவும் வேண்டாம். ஒவ்வொரு சரிபார்ப்பையும் அதன் ஆதாரத்தை வைத்து எடைபோடுங்கள். ‘பொய்’ என்ற சிவப்பு முத்திரையோடு நிறுத்தாமல் உள்ளே போய்ப் படியுங்கள். மூல ஆவணத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்களா? சம்பந்தப்பட்டவரிடம் கேட்டிருக்கிறார்களா? எடுத்துக்கொண்டது நடந்த ஒன்றா, கருத்தா, கணிப்பா? திருத்தங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறதா? பணம் கொடுப்பவர் யார் என்று எழுதியிருக்கிறார்களா? இவற்றுக்கு விடை இல்லாத நிறுவனத்தை, அது உங்கள் கட்சிக்குச் சாதகமாகவே எழுதினாலும், ஒதுக்கிவையுங்கள்.

நாளை ஊடகத்துக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்று. உங்களுக்குப் பிடித்த தலைவரைப் புகழ்ந்து ஒரு செய்தி வரும்போதுதான் அதிகக் கவனமாகச் சரிபாருங்கள். ஆதாரம் போதாதபோது ‘தெரியவில்லை’ என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். தவறினால் அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள். சரிபார்ப்பவர்களை வாசகர்கள் சரிபார்க்கும் வரைதான் இந்தத் தொழில் நேர்மையாக இருக்கும். அந்த வேலையை இன்றிலிருந்து தொடங்குங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.